புள்ளிவிவர ஜோசியம்

சேந்தமங்கலத்தில் கிளி ஜோசியனைக் கண்டால் கைகொட்டிச் சிரிக்கின்ற நமது வாலிபத் தோழர்கள் சிலர், கிரிக்கெட் சீசன் வந்துவிட்டால், எந்த அணி எத்தனை ஆட்டம் ஜெயித்தது, எவன் எந்த மைதானத்தில் எத்தனை ரன் அடித்தான் என்று கணக்கெடுத்துத் திருட்டுத்தனமாகப் பந்தயம் கட்டுகின்றார்கள். கேட்டால், “இது ஜோசியமல்ல, புள்ளிவிவரம்” என்கின்றார்கள்!

கணக்கு மெய்தான். ஆனால் அது புக்கிக்குத் தெரியாதா? அதைப் பார்த்த பிறகல்லவா அவன் ரேட் சொல்லுகின்றான்? புதன்சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கத் தெரிந்தவன் வாங்க வந்தவன் ஒருவன்தானா?

அமெரிக்காவில் பல மாகாணங்களில் கூடைப்பந்துப் பந்தயம் சட்டப்படியே நடக்கின்றது. அங்கே வழக்கமான ரேட், 110 டாலர் கட்டி ஜெயித்தால் லாபம் 100. 21 தடவை கட்டி 11 தடவை ஜெயித்தவனுக்கு வரவு 1,100. பத்துத் தோல்விக்கு நஷ்டமும் 1,100. மிச்சம் பூஜ்யம்! பாதிக்கு மேல் சரியாகச் சொன்ன கெட்டிக்காரன் கதியே இதுவானால், கோழிப்பண்ணையில் வாங்கிய வாரக்கூலியைக் கொண்டுபோய்க் கட்டுகின்றவன் கதி என்ன?

அன்றியும், ஆடுகிறவன் யோக்கியனாயிருந்தாலல்லவா கணக்குப் பலிக்கும்? ஜோண்டே போர்ட்டர் என்னும் கூடைப்பந்து ஆட்டக்காரர் 2024-ல் பந்தயக்காரர்களுக்காக, உடம்பு சரியில்லையென்று சொல்லி ஆட்டத்தின் நடுவிலேயே வெளியேறினார். ஆயுள் தடை விதித்தார்கள். இது எந்தச் சராசரியில் தெரியும்? இங்கேயும் 2015-ல், நிர்வாகத்தில் சம்பந்தப்பட்டவர் பந்தயம் கட்டியதற்காகச் சென்னை அணியை இரண்டு வருஷம் நிறுத்தி வைக்கவில்லையா?

2025-ல் மத்திய சர்க்கார் சட்டம் செய்ததும் பெரிய கம்பெனிகள் பணப் போட்டிகளை நிறுத்தின. திருட்டுப் புக்கி நிறுத்துவானா?

புள்ளிவிவரத்தில் இவ்வளவு பிரியமுள்ள தோழர்கள், கட்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று ஒரு வருஷக் கணக்கை நோட்டில் எழுதி, வீட்டுப் பெண்களிடம் படித்துக் காட்டச் சம்மதிப்பார்களா?