நாலு பேர் கேட்கிற பாட்டு

நம் ஊரில் 'நாலு பேர்' என்றால் நாலு பேர் அல்ல. ஊர் உலகம் முழுவதும் என்று அர்த்தம். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பயந்துதான் பெண்ணுக்குக் கல்யாணம் செய்கிறோம். நாலு பேர் மெச்சத்தான் வீடு கட்டுகிறோம். நாலு பேர் போகிற கச்சேரிக்குத்தான் நாமும் போகிறோம். ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது, நிஜமாகவே நாலு பேர் மட்டும் கேட்கிற சங்கீதத்தைப் பற்றி.

லண்டனில் என் மகள் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். ஒரு நாள் காபிக் கடை மேஜையில் நோட்டீஸ் ஒன்று கிடந்தது. கிழக்கு லண்டனில் ஒரு சின்ன அரங்கு. அந்த மாதம் முழுவதும் அங்கே நடக்கப்போகிற கச்சேரிகளின் பட்டியல். இருபது பெயர்களுக்கு மேல் இருந்தன. ஒன்றுகூட எனக்குத் தெரியாது. ஒருவர் கிதாரை மடியில் படுக்கவைத்து வாசிப்பாராம். இன்னொருவர் பழைய டேப் ரிக்கார்டர்களை வைத்துக்கொண்டு ஏதோ செய்வாராம். 'சத்தம் அதிகமாக இருக்கும். காதடைப்பான் வாசலில் இலவசம்' என்று ஒரு குறிப்பு வேறு!

நோட்டீஸை மாப்பிள்ளையிடம் காட்டினேன். அவர் சங்கீதப் பிரியர். பெரிய மைதானத்துக் கச்சேரிகளுக்கு ஆறு மாதம் முன்பே டிக்கெட் வாங்கி வைப்பவர்.

"யார் மாமா இவர்களெல்லாம்? நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?" என்றார்.

"இல்லை மாப்பிள்ளை. அதனால்தான் போகலாமென்று பார்க்கிறேன்."

"நன்றாக இருந்தால் இத்தனை நாளில் நம் காதுக்கு எட்டியிருக்காதா?"

இந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. மாப்பிள்ளையோடு அல்ல. அவர் பாவம், எல்லோரும் நினைப்பதை வாய் விட்டுச் சொன்னார். நல்லது தானாகவே நம்மைத் தேடி வந்துவிடும், வராதது நல்லதல்ல என்ற இந்த நம்பிக்கை, நம்மைப் போன்ற மத்தியதர வர்க்கத்தாருக்கு ஏறக்குறைய மதம் மாதிரி ஆகிவிட்டது. கதைப் புத்தகம் வாங்கும்போதும் இதே நம்பிக்கைதான்.

நான் போனேன். பத்துப் பவுண்டு டிக்கெட். என்னையும் சேர்த்துப் பத்தொன்பது பேர். மேடை என்று தனியாக ஒன்றும் இல்லை, தரைதான். ஒரு பெண் வந்து நின்றாள். டிரம் வாசிப்பவர்கள் வைத்திருக்கும் பெரிய பித்தளைத் தட்டை எடுத்துக்கொண்டாள். குச்சியால் அடிக்கவில்லை. வயலின் வில்லை எடுத்து அதன் விளிம்பில் மெல்லத் தேய்த்தாள். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு நாதம் எழுந்தது. கோயில் மணியை அடித்த பிறகு கடைசியில் மிஞ்சுமே ஒரு ரீங்காரம், அது மட்டும் தனியே பிரிந்து வந்து, ஓயாமல் வளர்ந்துகொண்டே போனால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. நாற்பது நிமிஷம். என் பக்கத்தில் இருந்தவர் தூங்கிவிட்டார்.

எனக்குப் பிடித்ததா? பொய் சொல்லமாட்டேன். பாதி பிடித்தது. மீதிப் பாதியில் வீட்டுக்கு எப்போது போவோம் என்று இருந்தது. அதற்குப் பிறகு வாசித்த டேப் ரிக்கார்டர்காரர் எனக்குத் தலைவலியைத்தான் கொடுத்தார். ஆனால் வீடு திரும்பும்போது, பஸ்ஸின் பிரேக் சத்தம், கதவு மூடும் சத்தம், மழை கண்ணாடியில் விழும் சத்தம் எல்லாம் என் காதில் தனித்தனியாக விழுந்தன. அறுபது வருஷமாகக் கூட வந்த காதை யாரோ துடைத்துக் கொடுத்த மாதிரி. மைதானத்துக் கச்சேரி எதுவும் எனக்கு இதைச் செய்ததில்லை.

"நன்றாக இருந்தால் காதுக்கு எட்டியிருக்காதா?" என்று கேட்பவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில் ஒன்று உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

1960 டிசம்பரில் நியூயார்க்கின் சேம்பர்ஸ் தெருவில், வெந்நீர் வசதிகூட இல்லாத ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து, யோகோ ஓனோ என்ற இளம்பெண்ணும் லா மான்டி யங் என்ற இளைஞரும் கச்சேரிகள் நடத்தத் தொடங்கினார்கள். 1961 ஜூன் வரை நடந்தது. 'இந்தக் கச்சேரிகளின் நோக்கம் பொழுதுபோக்கு அல்ல' என்று அழைப்பிலேயே எச்சரிக்கை! கச்சேரிக்கு வாருங்கள் என்று கூப்பிடுகிறவன் இப்படியும் நோட்டீஸ் அடிப்பானா? அடித்தார்கள். ஜான் கேஜும் மார்சல் துஷாம்பும் அந்த மாடி ஏறிப் போய் உட்கார்ந்து கேட்டார்கள். ஒரே சுரத்தை நீட்டிக் கேட்கும் இசைக்கும், பின்னால் வந்த எத்தனையோ கலை முயற்சிகளுக்கும் அந்த மாடி ஒரு பிறந்த வீடு.

1976 ஜூன் 4ஆம் தேதி மான்செஸ்டரில் ஒரு சிறிய மண்டபம். டிக்கெட் ஐம்பது பென்ஸ். வாசித்த கோஷ்டியின் பெயர் செக்ஸ் பிஸ்டல்ஸ். பெயரைச் சொல்ல நமக்குக் கூச்சமாக இருக்கலாம். சரித்திரத்துக்கு அந்தக் கூச்சம் கிடையாது. வந்தவர்கள் சுமார் நாற்பது பேர். அந்த நாற்பதில் இருந்த பீட்டர் ஹுக் மறுநாளே ஒரு பேஸ் கிதார் வாங்கினார். அவரும் கூட வந்த பெர்னார்ட் சம்னரும் சேர்ந்துதான் பிறகு 'ஜாய் டிவிஷன்' என்ற கோஷ்டியை உண்டாக்கினார்கள். இன்று அந்த நாற்பது நாற்காலிகளில் தாமும் இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்களை எண்ணினால் அந்த மண்டபம் போதாது என்று ஆங்கிலேயர்களே கேலி செய்கிறார்கள்.

இதுதான் வழக்கமான பதில். இன்றைய நாற்பது பேர் நாளைக்கு நாலு லட்சம். சின்ன அரங்கு என்பது நாற்றங்கால். விதை நெல்லைத் தின்னாதீர்கள். சரியான பதில்தான். ஆனால் எனக்கு அது போதவில்லை. இன்னும் சொன்னால், கோபம்கூட வருகிறது. ஒரு தாயை மதிக்க வேண்டுமென்றால் அவள் பிள்ளை கலெக்டர் ஆகியிருக்க வேண்டுமா? அந்தப் பித்தளைத் தட்டுக்காரி நாளைக்குப் புகழ் பெறாமலே போகலாம். பெரும்பாலும் அப்படித்தான் ஆகும். அதனால் அன்று இரவு அவள் எழுப்பிய நாதம் பொய்யாகிவிடுமா? பத்தொன்பது பேரின் காதில் அது விழுந்தது. அதோடு கணக்குத் தீர்ந்தது.

நான் கதை எழுதுகிறவன். என் முதல் கதை வந்த பத்திரிகை மூன்றாவது இதழோடு நின்றுபோயிற்று. அதைப் படித்துவிட்டு ஒரே ஒருவர், ஒரு பள்ளிக்கூட வாத்தியார், எனக்குக் கார்டு எழுதினார். அவருக்காகத்தான் அந்தக் கதை எழுதப்பட்டது என்று இன்றைக்கும் நான் நம்புகிறேன். அதற்குப் பிறகு எத்தனை ஆயிரம் பேர் என்னைப் படித்தார்கள் என்பது என் பிரசுரகர்த்தருடைய விஷயம்.

இதைப் படித்துவிட்டு மறுபக்கத்து ஆசாமிகள் குதூகலப்பட வேண்டாம். அவர்களிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. அன்று இடைவேளையில் தாடி வைத்த இளைஞர் ஒருவரோடு பேச்சுக் கொடுத்தேன். "இங்கே கூட்டம் வர ஆரம்பித்தால் நான் வருவதை நிறுத்திவிடுவேன்" என்றார். கூட்டம் இருப்பதையே தகுதிச் சான்றிதழாக வைத்துக்கொள்கிறவரும், கூட்டம் இல்லாததையே தகுதிச் சான்றிதழாக வைத்துக்கொள்கிறவரும் ஒரே ஜாதி. இரண்டு பேருமே காதால் கேட்பதில்லை, தலைகளை எண்ணுகிறார்கள். இவர் பாஷையில் 'புரியவில்லை' என்று ஒருவர் சொன்னால் அவர் பாமரர். எனக்கும்தான் பாதி புரியவில்லை. அதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கம் இல்லை.

சரி, இதெல்லாம் ரசனைச் சண்டை. வயிற்றுப்பாட்டுக்கு வருவோம். ஏனென்றால் உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஜப்பானில் 'லைவ் ஹவுஸ்' என்று சொல்லப்படும் சிறு அரங்குகள் பலவற்றில் 'நொருமா' என்று ஒரு ஏற்பாடு. ரஷ்ய மொழியிலிருந்து போன வார்த்தை. இத்தனை என்று விதித்த அளவு என்று பொருள். வாசிக்க வருகிற கோஷ்டி இத்தனை டிக்கெட் விற்றாக வேண்டும். விற்காத டிக்கெட்டுக்குத் தன் கையிலிருந்து பணம் கட்ட வேண்டும். அதாவது, கேட்கிறவன் வாடிக்கைக்காரன் இல்லை, பாடுகிறவனே வாடிக்கைக்காரன்! நாம் சிரிக்க வேண்டாம். சொந்தப் பணத்தைக் கொடுத்துத் தன் புத்தகத்தை அச்சிட்டு, கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்திருக்கும் எழுத்தாளர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

அரங்குக்காரரை மட்டும் திட்டியும் பயனில்லை. அவர் கழுத்துக்கும் கயிறு இருக்கிறது. நியூயார்க்கில் பவரி தெருவில் 1973ல் தொடங்கிய சி.பி.ஜி.பி. என்ற குடிக்கடை, சொந்தப் பாட்டைத்தான் வாசிக்க வேண்டும் என்று விதி வைத்து, ரமோன்ஸ் முதல் டாக்கிங் ஹெட்ஸ் வரை எத்தனையோ பேருக்கு இடம் கொடுத்தது. வாடகைத் தகராறில் 2006 அக்டோபரில் பாட்டி ஸ்மித் கச்சேரியோடு மூடிற்று. பிறகு அந்த இடத்துக்கு விலையுயர்ந்த ஆண்கள் துணிக்கடை வந்தது. பிரிட்டனில் 2023ஆம் வருஷத்தில் மட்டும் 125 சிறு அரங்குகள் மூடப்பட்டன, அல்லது கச்சேரி வைப்பதை நிறுத்திக்கொண்டன. அதே வருஷத்தில் இந்த அரங்குகளின் சராசரி லாபம் நூற்றுக்கு அரை. நம் தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர் இந்த லாபத்துக்குக் கடை திறப்பாரா? பாத் நகரில் 1978 முதல் நடந்துவந்த 'மோல்ஸ்', ஓயசிஸும் ரேடியோஹெட்டும் பேர் எடுப்பதற்கு முன் வாசித்த இடம், அந்த டிசம்பரில்தான் கதவைச் சாத்தியது. வாடகை ஏறுகிறது, மின்சாரக் கட்டணம் ஏறுகிறது. பத்து வருஷமாக இருக்கிற அரங்குக்குப் பக்கத்தில் புதிதாக வீடு வாங்கி வருகிறவர், 'சத்தம் தாங்கவில்லை' என்று மனுக் கொடுக்கிறார்.

பெரிய மைதானத்துக் கச்சேரி டிக்கெட் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பவுண்டு எடுத்துச் சிறு அரங்குகளுக்குக் கொடுங்கள் என்ற கோரிக்கை அங்கே எழுந்திருக்கிறது. கோல்ட்பிளே கோஷ்டியார் 2025ஆம் வருஷத்து பிரிட்டிஷ் மைதானக் கச்சேரிகளில் தங்களுக்கு வரும் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு தருவதாக அறிவித்தார்கள். நல்ல காரியம், வாழ்க! ஆனால் தர்மத்தால் அரங்கின் கதவு திறந்திருக்கும். உள்ளே இருக்கும் நாற்காலி நிறையாது. அதில் போய் உட்கார வேண்டியவர்கள் நாம்.

நாம் என்ன செய்கிறோம்? அரங்கு இருக்கும்வரை எட்டிப் பார்ப்பதில்லை. மூடிய பிறகு, 'ஐயோ, எப்பேர்ப்பட்ட இடம்!' என்று துக்கம் கொண்டாடுகிறோம். ஒரு சிறு பத்திரிகை நின்றுபோன பிறகு அதன் பழைய இதழ்களைத் தேடி அலைகிறோமே, அதே கதைதான். கலைஞன் உயிரோடு இருக்கும்போது சந்தாக் கட்டாமல், செத்த பிறகு சிலை வைப்பதில் நமக்கு என்ன சுகமோ தெரியவில்லை.

நான் கேட்பது பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. எந்த ஊரில் இருந்தாலும், பேர் தெரியாதவர்களின் கச்சேரிக்கு மாதம் ஒரு மாலை போங்கள். வாசலில் காசு கொடுத்து டிக்கெட் வாங்குங்கள்; ஓசி பாஸ் கேட்காதீர்கள். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள். தூக்கம் வந்தால் தூங்குங்கள்; பக்கத்துக்காரரும் தூங்கத்தான் செய்தார். ஆனால் போகாமலே, கேட்காமலே, 'நன்றாக இருந்தால் வந்திருக்காதா?' என்று மட்டும் சொல்லாதீர்கள். அது எப்படி வரும்? நீங்கள் போனால்தான் வரும்.

ஊருக்குத் திரும்பும் முன் அந்த நோட்டீஸை மகள் வீட்டு ஐஸ் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டு வந்தேன். அந்த மாதத்தில் இன்னும் ஆறு கச்சேரிகள் பாக்கி இருந்தன. மாப்பிள்ளை போனாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மரியாதைக்காகப் போய்விட்டு வருவார், அது வேண்டாம்.

நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று இத்தனை காலம் யோசித்தது போதும். அந்த நாலு பேரில் ஒருவராகப் போய் உட்காருவோம்.