கதவு திறந்த இடம் எது?

“எழுத்து” என்றால் விவாகப் பதிவு என்பது யாழ்ப்பாணத்தில் எல்லார்க்கும் விளங்கும். ஆனால் அந்த எழுத்தை எங்கே வைப்பது என்ற வினா எழுந்ததும் நம்மவரின் முற்போக்கு ஆட்டங்காணத் தொடங்குகின்றது. மேடையிலே சாதி ஒழிப்பை முழங்கியவர், தம் மகளின் எழுத்துக்கு நகரத்து விடுதி மண்டபத்தைத் தேடுகின்றார். ஐயரும் இல்லை, ஓமகுண்டமும் இல்லை என்று பெருமையும் கொள்கின்றார். நாம் கேட்பது வேறு. அந்த மண்டப வாயிலுள் நுழையும் உரிமை யாருக்கு உண்டு? அழைப்பிதழ் பெற்றவர்க்கு மட்டுமே. அந்த அழைப்பிதழ் எந்த ஒழுங்கையோடு நின்றுவிட்டது என்பதை ஊரார் அறிவர்.

1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் அந்நியர் ஆட்சியில் பிறந்தது. ஆயினும் அதில் ஒரு நல்ல விதி உண்டு. பதிவாளர் தமது கந்தோரிலே, திறந்த கதவுகளுடன், இரு சாட்சிகள் முன்னிலையில் விவாகத்தை நடத்தி வைக்கவேண்டும். மறைவில் நடப்பதைத் தடுக்கவே இவ்விதி எழுந்தது. எனினும் யாரும் வந்து நிற்கலாம் என்பதே அதன் பொருள்.

நம் கோவில்களின் கதவுகள் எப்படி இருந்தன? சாதியின் பேரால் வழிபாட்டிடங்களிலும் கடைகளிலும் பிறரைத் தடுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1957இல் வந்தது. பதினொரு ஆண்டுகள் கழிந்தும், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் போராட நேர்ந்தது. பூட்டிய கதவின் கொடுமையை இத்துணை அறிந்த நாம், நம் வீட்டு விசேடத்துக்கு இன்னொரு பூட்டிய கதவைப் பணங்கொடுத்து வாங்கலாமா?

“ஒளித்தோடியவர்கள் போலக் கந்தோரிலா எழுத்து?” என்று பெண்ணின் தாய் கலங்குகின்றாள். அவள் கலக்கத்தை நாம் இகழவில்லை. அது அவள் படைத்ததன்று. சாதி கடந்து காதலித்தோர் பெற்றாருக்கு அஞ்சித் துணையின்றி அங்கே செல்கின்றனர். ஆகவே கந்தோர் விவாகமே களவு விவாகம் என்ற பழி நிலைத்துவிட்டது. இப்பழியைத் துடைக்க வல்லவர் யார்? எதிர்ப்பு ஏதுமில்லாதவர்; பெற்றாரின் ஆசியும் ஊரின் மதிப்பும் உடையவர். அவர்கள் பட்டப்பகலில், சுற்றத்தோடு அப்படியேறினால், நாளை அஞ்சியஞ்சி வரும் இருவர்க்கு அந்தப் படி வெட்கப்படியாய் இராது.

கந்தோர் ஒடுக்கமானது, முதியோர்க்கு இருக்கை இல்லை என்பர். உண்மைதான். அதற்கும் வழி உண்டு. சிறப்பு அனுமதிப்பத்திரம் பெற்றுப் பதிவாளரை வேறிடத்துக்கு அழைக்கலாம். ஊர் வாசிகசாலை இருக்கின்றது; சனசமூக நிலையம் இருக்கின்றது. ஆனால் அங்கும் ஒரு நிபந்தனை: வருவோர் எவராயினும் ஒரே வாங்கில் இருக்கவேண்டும், ஒரே வகைக் குவளையில் தேநீர் அருந்தவேண்டும். இதற்கு ஒப்பாத வாசிகசாலை, சுவரில் எவர் படத்தை மாட்டியிருப்பினும், கோவிலின் பழைய கதவையே மாட்டியிருக்கின்றது.

ஆசிரியர்களே, மாணவர்களே! இடம் என்பது வசதியை மட்டும் பொறுத்ததன்று. யாருடைய கண்முன்னே நாம் வாழத் துணிகின்றோம் என்பதன் அறிவிப்பு அது. இடத்தைத் தெரியுமுன் மண்டபத்தின் அழகைப் பார்க்கவேண்டாம், கதவைப் பாருங்கள். நம் ஊரில் எவரேனும் ஒருவர் அதன் வெளியே நிற்க நேருமாயின், அங்கே நம் எழுத்து வேண்டாம்.