தபாலட்டையும் தொலைபேசியும்

சவளக்கடையில் எங்கள் குசினிக்கு இலங்கை வானொலிதான் துணையாக இருந்தது. பாட்டுக் கேட்டுத் தபாலட்டை போடுவோம். முஸ்லிம் சேவையின் மாதர் மஜ்லிஸுக்கு ராத்தா எழுதுவா. பெயர் வாசிக்கப்பட்டால் வீடே பூரிக்கும்.

1998இல் சூரியன், சக்தி பண்பலைகள் வந்தன. இரவு பகலாகப் பாட்டு. விருப்பத்தைத் தொலைபேசியில் சொல்லலாம். இளையோருக்குக் கொண்டாட்டம். உம்மாவோ, "இப்படி அவதியாப் பேசினா என்னெண்டு விளங்கும்?" என்றா. வீட்டு வானொலி பண்பலையிலேயே நின்றது. ராத்தாவின் பேனை ஓய்ந்தது. ஊர் குரலைக் கேட்குமே என்று தொலைபேசியையும் தொடவில்லை.

வானொலி காலத்துக்கேற்ப மாறட்டும். எழுதத் தெரிந்தும் பேசத் தயங்கும் பெண்ணுக்கும் அதில் ஒரு வாசல் வேண்டாமா? சகோதரிகளே, பேனையை மூடிவிடாதீர்கள்.