வேரே சுரங்கம்!

தோழர்களே! தாமிரத்தைத் தன் பெயரிலேயே தாங்கி ஓடுகிறாள் பொருநை. அவள் கரையில், ஆதிச்சநல்லூரைத் தோண்டியபோது இரும்புக் கருவியும், வெண்கலக் கலமும், பொன் நெற்றிப்பட்டமும் கிடைத்தன. உலோகம் நமக்குப் புதிதன்று. அதை எடுக்கும் வழியொன்றே புதிது.

கடப்பாரை அல்ல, கடுகு! 1998-இல் நியூசிலாந்து அறிவியலாளர், பொன் கலந்த மண்ணில் கடுகை வளர்த்து, இரசாயனத்தால் பொன்னைக் கரைத்து, வேர்வழியே இலைக்கு ஏற்றிக் காட்டினர். நம் கீழாநெல்லியின் இனத்துச் செடியொன்று, மலேசியாவின் சபா மாநிலத்தில், இரசாயனமின்றியே நிக்கலை உறிஞ்சுகிறது. அறுப்பர்; உலர்த்துவர்; எரிப்பர்; சாம்பலே தாது! அல்பேனியாவில் வேறொரு செடி, ஹெக்டேருக்கு ஏறத்தாழ 100 கிலோ நிக்கல் தந்தது.

"நெல்லை வயலிலும் பொன் விளையட்டும்" என்று எவரேனும் புறப்பட்டால், தடுத்து நிறுத்துங்கள்! இல்லாத உலோகத்தைச் செடி படைக்காது. பொன்னைக் கரைக்கும் இரசாயனம் கிணற்றையும் கெடுக்கும். அந்த இலையை மேயும் ஆடு என்னாகும்? நெல் விளையும் மண்ணில் நெல்லே பொன்!

பின் எங்கே? ஆலைக் கழிவால் பாழ்பட்ட மண்ணில்! பொருநை கடல் சேரும் மாவட்டத்தில், செம்பு உருக்காலையை எதிர்த்து எழுந்தோரில் 13 பேர், 2018-இல் துப்பாக்கிக் குண்டுகளுக்கு இரையாயினர். அதை மறவோம். செடி பல்லாண்டு உழைத்துத் துடைக்கும் என்பதால், ஒரே நாளில் நஞ்சைக் கொட்ட எவருக்கும் உரிமை வந்துவிடாது. கெடுத்தவன் செலவில் மண் திருந்தட்டும். கிடைக்கும் உலோகம் மண்ணுக்குரியோரைச் சேரட்டும். கேளுங்கள், ஊர்தோறும் கேளுங்கள்!