கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்கலாம்

"ஃபைலுக்குத் தமிழில் பேர் வைக்காதீங்க, மேலே ஏறாது" என்றொரு அறிவுரை நமது சங்கக் குடும்பங்களில் கொஞ்ச காலமாக வலம் வருகிறது. சொல்பவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். 'மேலே' என்று அவர்கள் குறிப்பிடுவது கிளவுட் எனப்படும் இணையச் சேமிப்பை. நமது கம்ப்யூட்டரிலும் செல்பேசியிலும் உள்ள கோப்புகளை எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் கணினிகளுக்கு நகலெடுத்து அனுப்பி, அங்கிருந்து நம்முடைய மற்றக் கருவிகளுக்கும் இறக்கித் தருகிற ஏற்பாடு அது. சில கோப்புகள் மட்டும் அந்தப் பயணத்தில் நின்றுவிடுகின்றன. காரணம் பல சமயம் கோப்பின் பெயர்தான். அதுவரை சரி. ஆனால் பழி முழுவதும் தமிழின்மீது விழுவதை என்னால் ஏற்க முடியவில்லை. தெரிந்தவர் வீடுகளில் நான் பார்த்துக்கொடுத்தவற்றுள், அப்படி நின்றுபோன கோப்புகளில் பெரும்பாலானவற்றுக்குத் தமிழ் காரணமே அல்ல.

மொழிப்பற்று மேடைப் பேச்சு என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். நமக்கு இது காகித விஷயம். நம்மில் பலருடைய பூர்விகம் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்திலோ, இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலோ இருக்கிறது. 1956-ல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது இவை கேரளத்தில் அமைந்தன. அன்று முதல் நம் வீட்டு இரும்புப் பெட்டிக்குள் மூன்று மொழிக் காகிதங்கள். நில வரி ரசீது மலையாளத்தில், பள்ளிச் சான்றிதழ் ஆங்கிலத்தில், தாத்தா எழுதி வைத்த பாகப் பிரிவினைக் குறிப்பு தமிழில். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தம் மொழியிலேயே எழுதலாம் என்று 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் எந்த மொழியில் எழுதினாலும் கூடவே ஆதாரம் கேட்பார்கள்.

ஆதாரம் என்றால் என்ன என்பது தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தெரியும். பட்டியல் சாதிச் சான்று கேட்டுப் போனால், 1950-க்கு முன்பே குடும்பம் இந்த மண்ணில் குடியிருந்ததற்கு அத்தாட்சி வேண்டும். பாட்டன் காலத்து எஸ்டேட் தாள் ஒன்று, பழுப்பேறி மடிப்பில் கிழிந்தது, பேத்தியின் கல்லூரி இடத்தைத் தீர்மானிக்கிறது. அந்தத் தாளோ மலை மழைக்கும் கரையானுக்கும் நடுவே இருக்கிறது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளம் முழுவதும் பத்திரங்களும் சான்றுகளும் நீரில் போயின. திரும்ப வழங்குவதற்கென்றே அரசு அதாலத் நடத்த வேண்டியிருந்தது. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு ராஜமலை அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. போன உயிர்கள் 70. பெரும்பாலோர் நம் தமிழ்த் தொழிலாளர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். காகிதத்தைப் பற்றிப் பேசவே கூசுகிறது. ஆனாலும் பிழைத்தவர்கள் அடுத்த வாரமே ஏதாவதொரு அலுவலக வாசலில் நிற்கத்தான் வேண்டும்.

ஆகவே பிள்ளைகள் இந்தக் காகிதங்களைப் படமெடுத்து இணையச் சேமிப்பில் போட்டு வைப்பது நல்ல காரியம். போட்டது போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி.

எனக்குத் தெரிந்த ஒரு மூணாறுக் குடும்பத்தில் மூத்த பையன் பெங்களூரில் வேலை பார்த்தான். அலுவலகம் கொடுத்த மேக் கணினியில் '1948/49 எஸ்டேட் தாள்கள்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு எல்லாவற்றையும் அடுக்கினான். மேக் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது. சேமிப்பு நிறுவனத்தின் மென்பொருள் ஏற்கவில்லை. திரை ஓரத்தில் கடுகளவு சிவப்புக் குறி, அதைத் தட்டினால் ஆங்கிலத்தில் ஒரு வரி. யார் பார்ப்பார்கள்? பின்னால் அவன் வேலை மாறியபோது கணினியைத் திருப்பிக் கொடுத்தான், அதிலிருந்ததை அழித்துவிட்டார்கள். தங்கைக்குச் சான்று வாங்கப் போன நாளில் அம்மாவின் செல்பேசியில் அந்த ஃபோல்டர் இல்லை. வீட்டிலிருந்த மூலத் தாளைக் கரையான் தின்றிருந்தது. சித்தப்பா வீட்டுப் பெட்டியிலிருந்து ஒரு நகல் பிறகு கிடைத்தது; சான்றும் வந்தது. ஆனால் அந்த வருடத்து இடம் போனது போனதுதான்.

'தமிழில் பேர் வைத்ததால்தான்' என்று அந்த வீட்டில் இன்றும் சொல்கிறார்கள். தடுத்தது தமிழல்ல, 48-க்கும் 49-க்கும் நடுவே இருந்த சாய்கோடு.

சாய்கோட்டின் கதை பழையது. யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையில் 1970-களிலிருந்தே, ஒரு ஃபோல்டருக்குள் இன்னொன்று என்று வழி காட்ட அந்தக் கோடு பயன்படுகிறது. ஆகவே பெயருக்குள் அது வந்தால் கணினி வழி என்று எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் இன்னும் கண்டிப்பு: சாய்கோடு, பின்சாய்கோடு, முக்காற்புள்ளி, நட்சத்திரக் குறி, வினாக்குறி, இரட்டை மேற்கோள், இரண்டு கோணக் குறிகள், செங்குத்துக் கோடு என ஒன்பது குறிகளுக்கு அங்கே இடமில்லை. நம் ஆவணங்களில் சாய்கோடு இல்லாத இடம் எது? சர்வே எண் 114/2, தேதி 12/8/1998. பார்த்து அப்படியே தட்டச்சு செய்கிறோம். சில சேவைகள் இணையப் பக்கத்தில் அதை ஏற்றுக்கொண்டு, விண்டோஸில் இறக்கும்போது வேறு குறியாக மாற்றிவிடுகின்றன. சில அடியோடு மறுக்கின்றன.

அடுத்தது புள்ளி. தமிழ்நாட்டில் தலைப்பெழுத்தை முன்னால் போடுவோம். கேரளச் சான்றிதழ்கள் பலவற்றில் அது பெயருக்குப் பின்னால் வருகிறது. சான்றிதழில் உள்ளபடியே 'வேலுச்சாமி மு.' என்று ஃபோல்டருக்குப் பெயர் வைத்தால் கடைசியில் ஒரு புள்ளி நிற்கிறது. ஃபோல்டர் பெயர் புள்ளியிலோ வெற்றிடத்திலோ முடிவது விண்டோஸுக்கு ஆகாது. எல்லை தாண்டினால் தலைப்பெழுத்து இடம் மாறுகிற வழக்கம் கணினி வரைக்கும் வந்து தொல்லை கொடுக்கிறது பாருங்கள்!

தமிழால் தொல்லையே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. உண்டு, மூன்று இடங்களில். முதலாவது நீளம். கொழிஞ்சாம்பாறை என்பது நமக்கு 7 எழுத்து. யூனிகோடில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் தனித்தனியாக எண்ணப்படுவதால் கணினிக்கு அது 14 குறி. ஆண்ட்ராய்டு செல்பேசியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் இடம் பிடிக்கிறது. ஆக 42 பைட். ஆங்கிலத்தில் அதே ஊர் 13 பைட்டில் அடங்கும். ஆண்ட்ராய்டில் ஒரு பெயருக்கு உச்சவரம்பு 255 பைட், அதாவது 85 தமிழ்க் குறிகள். விண்டோஸோ பைட்டைப் பார்க்காமல் 255 குறிகள் வரை அனுமதிக்கிறது. மாமா வீட்டுக் கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை போல எழுதிய நீளப் பெயர் செல்பேசிக்கு இறங்காமல் போவது இதனால்தான்.

இரண்டாவது ஒகர, ஓகாரக் குறிகள். 'கொ' என்பதை ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மேக் கணினிகள் 2017-ல் புதிய கோப்பு முறைக்கு மாறும் வரை பெயர்களைப் பிரித்தே வைத்தன. விண்டோஸ் கொடுத்ததைக் கொடுத்தபடி வைக்கும். ஆகவே கோவிந்தாபுரம், கொழிஞ்சாம்பாறை, போடிமெட்டு என்று பெயரிட்ட கோப்புகள் சில சமயம் இரட்டைப் பிள்ளைகளாக வந்து நிற்கும். டிராப்பாக்ஸ் இப்படிப்பட்டவற்றின் பெயரோடு 'யூனிகோட் என்கோடிங் கான்ஃபிளிக்ட்' என்று ஆங்கிலத்தில் சேர்த்து வைப்பதுண்டு. பார்த்தவர்கள் வைரஸ் என்று பயந்து அழித்ததும் உண்டு. அழிக்க வேண்டாம், இரண்டையும் திறந்து பாருங்கள்.

மூன்றாவது 'ஸ்ரீ'. 2005-ல் யூனிகோடில் இன்னொரு வடவெழுத்து சேர்ந்தபின் ஸ்ரீ என்பதை இரண்டு விதமாகத் தட்டச்சு செய்ய முடிகிறது. பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது.

இவ்வளவும் இருந்தும் ஆங்கிலத்துக்கு ஓடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆங்கிலத்தில் கொழிஞ்சாம்பாறையை எத்தனை விதமாக எழுதுகிறோம்! சண்முகம் பொள்ளாச்சியில் ஒரு எழுத்துக்கூட்டல், சித்தூரில் மலையாள வழக்கப்படி வேறொன்று. அண்ணன் ஒரு விதமாகவும் தங்கை ஒரு விதமாகவும் பெயரிட்டால் ஒரே ரசீது இரண்டு இடத்தில் கிடக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆபத்துச் சமயத்தில் அலுவலக வாசலில் செல்பேசியோடு நிற்பவர் அநேகமாக அம்மாவாகவோ அப்பாவாகவோ இருப்பார். பிள்ளை துபாயில் தூங்கிக்கொண்டிருப்பான். 'நில வரி 2019' என்று தமிழில் இருந்தால் அவர்களே கண்டெடுப்பார்கள். ஆங்கிலத்தில் இருந்தால் பக்கத்தில் நிற்கும் அந்நியரிடம் போனைக் கொடுக்க வேண்டும்.

தமிழிலேயே வையுங்கள், குட்டையாக வையுங்கள். சாய்கோட்டுக்குப் பதில் சிறு கோடு போடுங்கள்: 114-2, 1948-49. தலைப்பெழுத்தை முன்னால் கொண்டுவாருங்கள், அல்லது கடைசிப் புள்ளியை எடுத்துவிடுங்கள். விவரங்களையெல்லாம் பெயரில் திணிக்காமல் ஃபோல்டருக்குள் ஒரு குறிப்பாக எழுதி வைக்கலாம். சேவை நிறுவனங்களின்மீதும் எனக்குக் கோபம் உண்டு. தமிழ் எழுத்துருவும் தமிழ் விசைப்பலகையும் தரத் தெரிந்தவர்களுக்கு, 'உங்கள் கோப்பு இன்னும் போய்ச் சேரவில்லை, பெயரில் இந்தக் குறி ஆகாது' என்று முழுத் திரையில் தமிழில் சொல்லத் தெரியாதா?

அவர்கள் செய்யும் வரை சங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கலாம் என்று பொதுக்குழுவில் கேட்க இருக்கிறேன். வருபவர்கள் தங்கள் செல்பேசியோடு, கோப்புகள் முதலில் உள்ள கம்ப்யூட்டரையும் கொண்டுவர வேண்டும். பெயர்களை அந்தக் கம்ப்யூட்டரிலேயே மாற்ற வேண்டும், இரண்டிலும் ஒரே நேரத்தில் மாற்றினால் குழப்பம் கூடும். மாற்றியபின் இரண்டு கருவியிலும் ஒரே ஃபோல்டரைத் திறந்து கோப்புகளை எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை சரியாக வரும் வரை பழைய கம்ப்யூட்டரை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.