வெளிநாட்டில் இருக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளை தூதரகக் கணக்கில் இருக்கிறாரா?

பாஸ்போர்ட், விசா, டிக்கெட் மூன்றும் கைப்பையில். சாம்பார்பொடியும் ஊறுகாயும் பெட்டியில். பிள்ளை விமானம் ஏறும்வரை வீடே சேர்ந்து பட்டியல் போட்டுச் சரிபார்க்கும். அங்கே இறங்கியதும் புது சிம் கார்டு, பேங்க் அக்கவுன்ட், அம்மாவுக்கு ஒரு வீடியோ கால். அதோடு பட்டியல் முடிந்துவிடுகிறது. வேலைக்கோ படிப்புக்கோ போகிற பலர் விட்டுவிடுகிற ஒரு வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் தன் பெயரைப் பதிவு செய்வதுதான் அது.

"விசா கொடுத்தாச்சு, ஏர்போர்ட்டில் முத்திரை குத்தியாச்சு. அப்புறம் அரசாங்கத்துக்குத் தெரியாதா என்ன?" என்று தோன்றலாம். விசா கொடுத்தது அந்த நாடு. முத்திரை சொல்வது, நீங்கள் இந்தியாவைவிட்டுக் கிளம்பிய தேதியை. எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில் தங்கியிருக்கிறீர்கள், எந்த நம்பரில் உங்களைப் பிடிக்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்காது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டில் அச்சாகியிருக்கும் குறிப்புகளிலேயே, வெளிநாட்டில் வசிப்பவர்கள் அருகில் உள்ள இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்துகொள்ளுமாறு சொல்லப்பட்டிருக்கிறது. நாம்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

உக்ரைனில் கைகொடுத்த படிவம்

2022 ஜனவரி கடைசியில், கீவ் நகரில் உள்ள இந்தியத் தூதரகம் ஓர் ஆன்லைன் படிவத்தை வெளியிட்டு, உக்ரைனில் இருக்கும் இந்தியர்கள் எல்லோரும் விவரங்களைப் பதிவு செய்யும்படி கேட்டுக்கொண்டது. அப்போது போர் தொடங்கவில்லை. பிப்ரவரி 24-ம் தேதி ரஷ்யத் தாக்குதல் தொடங்கி வான்வழி மூடப்பட்டபோது, அங்கே சுமார் 20,000 இந்தியர்கள் இருந்திருக்கிறார்கள் என்று வெளியுறவுத்துறையால் சொல்ல முடிந்ததற்கு அந்தப் பதிவுதான் அடிப்படை. அவர்களில் பெரும்பாலோர் மருத்துவ மாணவர்கள். தமிழகப் பிள்ளைகளும் கணிசமாக இருந்தார்கள்.

பிறகு 'ஆபரேஷன் கங்கா' மூலம் போலந்து, ஹங்கேரி, ருமேனியா, ஸ்லோவாக்கியா எல்லைகள் வழியாக மாணவர்கள் அழைத்துவரப்பட்டார்கள். போருக்குச் சற்று முன்பே கிளம்பியவர்களையும் சேர்த்து, சுமார் 22,500 இந்தியர்கள் ஊர் திரும்பினார்கள்.

அடுத்த ஆண்டே சூடானில் உள்நாட்டுச் சண்டை மூண்டது. அப்போது நடந்த மீட்புப் பணிக்கு நம் காவிரியின் பெயர்தான். 'ஆபரேஷன் காவேரி'யில் 3,862 பேர் போர்ட் சூடான், ஜெட்டா வழியாகவும் மற்ற வழிகளிலும் மீட்கப்பட்டார்கள். இப்படிப்பட்ட நாள்களில் எத்தனை விமானம் வேண்டும், எந்த ஊருக்கு பஸ் அனுப்ப வேண்டும் என்று முடிவெடுக்க, யார் எங்கே இருக்கிறார்கள் என்பது முதலில் தெரிந்தாக வேண்டும்.

போர் வந்தால்தான் தூதரகமா?

இல்லை. பெரும்பாலான குடும்பங்களுக்குத் தூதரகம் தேவைப்படுவது மிகச் சாதாரணமான நாள்களில்தான். பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். புது பாஸ்போர்ட்டோ, ஊர் திரும்ப மட்டும் உதவும் அவசரச் சான்றோ அங்கேதான் வாங்க வேண்டும். முன்பே பதிவு செய்து, நகலையும் வைத்திருப்பவருக்கு, தான் இந்தியர்தான் என்று காட்டுவது அவ்வளவு சிரமமாக இருக்காது.

குழந்தை விஷயம் இன்னும் முக்கியமானது. 2004 டிசம்பர் 3 முதல் வெளிநாட்டில் பிறக்கும் குழந்தை, பெற்றோர் வழியில் இந்தியக் குடியுரிமை பெற வேண்டுமென்றால், பிறந்த ஓராண்டுக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது குடியுரிமைச் சட்டம். குழந்தையிடம் வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதியும் தர வேண்டும். ஓராண்டு தாண்டிவிட்டால் மத்திய அரசின் அனுமதி தேவை. ஆஸ்பத்திரியில் கொடுத்த பிறப்புச் சான்றிதழ் போதும் என்று இருந்துவிடக் கூடாது. இது பெற்றோரின் பெயர்ப் பதிவோடு முடிகிற காரியம் இல்லை. குழந்தைக்குத் தனியாகச் செய்ய வேண்டியது.

யாரும் நினைத்துப் பார்க்க விரும்பாத இன்னொன்றும் உண்டு. அங்கே ஒருவர் இறந்துவிட்டால், உடலை ஊருக்குக் கொண்டுவரத் தூதரகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். மரணப் பதிவு, பாஸ்போர்ட்டை ரத்து செய்வது, ஊரில் உள்ள வாரிசின் சம்மதக் கடிதம் என்று வரிசையாக வேலைகள் இருக்கின்றன. நிறுவனமோ இன்ஷூரன்ஸோ செலவை ஏற்காத, வசதியில்லாத குடும்பங்களுக்கு உதவ, இந்திய சமூக நல நிதி என்று ஒரு நிதி 2009 முதல் தூதரகங்களிடம் இருக்கிறது. வீட்டில் யாரைத் தொடர்புகொள்வது என்பது பதிவிலேயே இருந்தால், துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு அலைச்சல் கொஞ்சமாவது குறையும்.

எங்கே, எப்படிப் பதிவது?

முதலில், உங்கள் ஊர் எந்த அலுவலகத்தின் கீழ் வருகிறது என்று பாருங்கள். நாட்டின் தலைநகரில் தூதரகம் இருக்கும். பெரிய நாடுகளில் மற்ற நகரங்களில் துணைத் தூதரகங்களும் இருக்கும். ஐக்கிய அரபு அமீரகத்தில் அபுதாபிக்குத் தூதரகம். துபாய், ஷார்ஜாக்காரர்களுக்கு துபாயில் உள்ள துணைத் தூதரகம். சவுதியில் ரியாத், ஜெட்டா என இரண்டு. சிங்கப்பூர், மலேசியாவில் 'ஹை கமிஷன்' என்பார்கள். பெயர் வேறு, வேலை ஒன்றுதான்.

அந்த அலுவலகத்தின் அதிகாரபூர்வ இணையதளத்துக்குப் போய், இந்தியர்கள் பதிவு செய்வதற்கான பகுதியைத் தேடுங்கள். பாஸ்போர்ட் எண், அங்குள்ள முகவரி, போன் நம்பர், இமெயில், வேலை செய்யும் நிறுவனம் அல்லது கல்லூரி, ஊரில் அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் என்று பொதுவாகக் கேட்பார்கள். மாணவர்கள், வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்திலும் பதிவு செய்யலாம். 2015-ல் தொடங்கப்பட்ட இந்தத் தளத்தில்தான் தூதரகம் தொடர்பான குறைகளையும் தெரிவிக்க வேண்டும். ஊரில் இருக்கும் குடும்பத்தினரே அதில் புகார் பதியலாம்.

பதிவுக்குக் கட்டணம் கிடையாது. "தூதரகத்தில் இருந்து பேசுகிறோம், உங்கள் பேப்பரில் பிரச்னை, பணம் கட்டுங்கள்" என்று போன் வந்தால் நம்பாதீர்கள். இப்படி வரும் மோசடி அழைப்புகள் பற்றிப் பல நாடுகளில் இந்தியத் தூதரகங்களே எச்சரித்திருக்கின்றன. ஓ.டி.பி-யை யாருக்கும் சொல்லக் கூடாது.

வீடு மாறினாலோ, நம்பர் மாறினாலோ, ஊருக்கே திரும்பிவிட்டாலோ அதையும் தெரிவித்துவிடுங்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய நம்பர் யாருக்கும் உதவாது.

விசிட் விசாவில் போனவர்கள்

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக 'ஈ.சி.ஆர்' வகையில் வரும். அவர்கள் வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 'இ-மைக்ரேட்' வழியாக அனுமதி பெற வேண்டும். அப்படிப் போகும்போது வேலை ஒப்பந்தம் பதிவாகிறது. 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் கிடைக்கிறது. அதற்கு பிரீமியம் 2 ஆண்டுகளுக்கு 275 ரூபாய், 3 ஆண்டுகளுக்கு 375 ரூபாய்.

"முதலில் டூரிஸ்ட் விசாவில் வா, அங்கே மாற்றிக்கலாம்" என்று ஏஜென்ட் சொல்வதை நம்பிப் போகிறவருக்கு இது எதுவுமே இல்லை. தாய்லாந்தில் ஐ.டி வேலை என்று அழைத்துப்போய், மியான்மரில் ஆன்லைன் மோசடிக் கும்பலிடம் விடப்பட்ட இளைஞர்களில் தமிழர்களும் இருந்தார்கள். அந்த மாதிரி இடத்தில் சிக்கியவரைப் பற்றி, ஊரில் உள்ள குடும்பம் கொடுக்கும் தகவல்தான் பல நேரங்களில் முதல் துப்பு.

விசா காலம் முடிந்தும் தங்கியிருப்பவர்கள், தூதரகத்துக்குப் போனால் பிடித்துக் கொடுத்துவிடுவார்களோ என்று பயப்படுகிறார்கள். தூதரகம் அந்த நாட்டு போலீஸ் அல்ல. 2024-ல் அமீரகம் பொதுமன்னிப்பு அறிவித்தபோது, பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு அவசரச் சான்று கொடுத்து ஊர் திரும்ப வழிசெய்தவை அங்குள்ள இந்தியத் தூதரகமும் துணைத் தூதரகமும்தான்.

எதை எதிர்பார்க்கக் கூடாது?

பதிவு செய்துவிட்டால் எல்லாப் பிரச்னையும் தீர்ந்துவிடாது. தூதரகம் வேலை வாங்கித் தராது, கடனை அடைக்காது. அந்த நாட்டுச் சட்டத்தை மீறியவரைச் சிறையில் இருந்து வெளியே எடுத்துவிடவும் முடியாது.

ஆனால், கைதானவருக்கு ஓர் உரிமை உண்டு. தூதரக உறவுகள் பற்றிய 1963-ம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் 36-வது பிரிவுப்படி, "என் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்" என்று அவர் கேட்டால் சொல்லியாக வேண்டும். அதிகாரிகள் அவரை வந்து பார்க்கவும் அனுமதிக்க வேண்டும். பொதுவாக அவர் கேட்டால்தான் சொல்வார்கள் என்பதால், இந்த ஒரு வாக்கியத்தை வெளிநாடு போகும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

வீட்டில் இருக்க வேண்டிய ஒரு தாள்

பிள்ளையிடம் இருந்து நான்கு நாள்களாக போன் இல்லை. எங்கே புகார் கொடுத்தாலும் முதலில் விவரங்களைத்தான் கேட்பார்கள். "துபாயில் ஏதோ கம்பெனி" என்பது போதாது. கீழே உள்ளவற்றை ஒரு தாளில் எழுதி, பீரோவில் பத்திரமாக வையுங்கள். போனிலும் ஒரு படம் இருக்கட்டும்.

• பாஸ்போர்ட், விசா நகல்கள்
• நிறுவனம் அல்லது கல்லூரியின் முழுப் பெயர், முகவரி, போன் நம்பர்
• தங்கியிருக்கும் இடத்தின் முகவரி
• கூட தங்கியிருக்கும் ஒருவரின் நம்பர்
• அனுப்பிவைத்த ஏஜென்ட்டின் பெயர், பதிவு எண், பணம் கட்டிய ரசீது
• அந்த ஊருக்கான இந்தியத் தூதரகத்தின் அவசர உதவி எண்
• வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான உதவி மையத்தின் இலவச எண்: 1800 11 3090

வெளிநாட்டில் இருக்கும் மகனோ, மகளோ, கணவரோ இன்று ராத்திரி கூப்பிடும்போது, "சாப்பிட்டியா?" என்று கேட்ட கையோடு, "தூதரகத்தில் பேர் பதிஞ்சாச்சா?" என்றும் கேட்டுவிடுங்கள். 'இல்லை' என்று பதில் வந்தால், படிவத்தை நிரப்பிவிட்டுத் தூங்கச் சொல்லுங்கள்.