இது யாருக்காக வரைஞ்சது?

பரிசு வாங்கினா நாம என்ன செய்வோம்? அடுத்த பரிசுக்கு ரெடியாவோம். ஆனா ஒருத்தர், பரிசு வாங்கின வருஷமே பெயின்ட்டிங்கையே நிறுத்திட்டார். பேரு ஜார்ஜியா ஓ'கீஃப்.

1887-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1908-ல் நியூயார்க்கில் படிக்கும்போது, ஒரு செத்த முயலையும் செப்புப் பாத்திரத்தையும் தத்ரூபமாக வரைந்து பரிசு வாங்கினார். ஆனா, 'இப்படி ஏற்கெனவே நிறைய பேர் வரைஞ்சாச்சே, இதில் நான் புதுசா என்ன செய்யப் போறேன்?' என்ற கேள்வி அவரை அரித்தது. வீட்டிலும் பணக் கஷ்டம். சிகாகோவில் விளம்பரப் படம் வரையும் வேலைக்குப் போய்விட்டார்.

1912-ல் ஒரு கோடை வகுப்புதான் அவரைத் திரும்ப இழுத்தது. 'பார்த்ததைக் காப்பியடிக்காதே, உன் ரசனைப்படி அமை' என்பதுதான் அங்கே பாடம்.

1915-ல் தென் கரோலினாவில் டீச்சர் வேலை. ஒருநாள் தன் படங்களை எல்லாம் ரூமில் வரிசையாக வைத்துப் பார்த்தார். இது இந்த வாத்தியாருக்குப் பிடிக்கணும்னு வரைஞ்சது, அது அந்த வாத்தியாருக்காக... அப்போ தனக்காக? அத்தனையையும் ஓரங்கட்டினார். கலர்கூட வேண்டாம் என்று வெறும் கரித்துண்டை எடுத்தார். மனசுக்குள் இருந்த வடிவங்கள் பேப்பரில் இறங்கின.

அவற்றைத் தோழி அனிதா பாலிட்சருக்கு அனுப்ப, அவர் போட்டோகிராபர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸிடம் காட்டினார். 1916-ல் ஸ்டீக்லிட்ஸ், ஜார்ஜியாவிடம் ஒரு வார்த்தை கேட்காமலே தன் கேலரியில் மாட்டிவிட்டார்! 'கழட்டுங்க'ன்னு சண்டைக்கே போனார் ஜார்ஜியா. படங்கள் இறங்கவில்லை. 1924-ல் இருவருக்கும் கல்யாணமே நடந்தது!

அப்புறம் வந்தவைதான் கேன்வாஸை அடைத்துக்கொண்டு நிற்கும் பூக்கள், நியூ மெக்சிகோ பாலைவனத்து எலும்புகள். 1946-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவர் படைப்புகளைத் தொகுத்துக் கண்காட்சி வைத்தது. அங்கே அந்தப் பெருமை பெற்ற முதல் பெண் ஓவியர் அவர்தான். அவரது ஊமத்தம்பூ ஓவியம் ஒன்று, 2014-ல் 4 கோடியே 44 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

வயதான காலத்தில் பார்வை மங்கியது. கை சும்மா இருக்குமா? களிமண்ணில் பானை செய்தார். 1986-ல், 98 வயதில் மறைந்தார்.

நண்பர்களே, உங்க படிப்பு, ப்ராஜெக்ட், கவிதை எல்லாத்தையும் ஒருநாள் வரிசையா வெச்சுப் பாருங்க. எது அப்பாவுக்காக, எது புரொபசருக்காக, எது கைதட்டலுக்காக? உங்களுக்காக ஒண்ணாவது இருந்தா, அங்கிருந்து ஆரம்பிங்க.

ஒண்ணுமே இல்லையா? கவலைப்படாதீங்க... கரித்துண்டு ரொம்ப சீப்தான்!